பழத்தின் மேல் ஒரு ஸ்டிக்கர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பகுதி, பழங்களின் தோலில் ஒட்டப்பட்டுவரும் சின்னஞ்சிறு ஸ்டிக்கர்களைப் பற்றியே இருந்ததால், மற்றவற்றை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்த இடங்களில் அவற்றை ஒரே கேள்வியாக்கியிருக்கிறேன்.

கேள்வி: பழ ஸ்டிக்கர்கள் பெரும்பாலும் வட்டமாகவோ நீள்வட்டமாகவோ இருக்கின்றன. சதுர வடிவில் ஏன் அதிகம் காண முடிவதில்லை? அழகுக்காகத்தானா?

பதில்: அழகு கடைசியில்தான் வருகிறது. முதலில் தீர்ப்புச் சொல்வது பழத்தின் தோல். அடுத்தது ஒட்டும் இயந்திரம். இவை இரண்டும் விட்டுவைத்த இடத்தில்தான் வடிவமைப்பாளர் தம் கைவரிசையைக் காட்ட முடியும்.

தட்டையான தாளைக் கோளத்தின் மீது சுருக்கமோ கிழிசலோ இன்றிப் படியவைக்க இயலாது. 1827இல் கார்ல் ஃப்ரீட்ரிக் கவுஸ் என்ற ஜெர்மானியக் கணித மேதை நிறுவிய தேற்றத்திலிருந்து இது நேரடியாகப் பெறப்படுகிறது. உலக வரைபடம் வரைபவர்களைப் படுத்தும் சிக்கலும் இதுவே. 75 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் ஆப்பிளைக் கோளம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். அதில் 25 மி.மீ. விட்டமுள்ள வட்ட ஸ்டிக்கரை ஒட்டினால், ஸ்டிக்கரின் சுற்றளவு, அது படிய வேண்டிய வளையத்தைவிடச் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கும். மெல்லிய பாலித்தீன் தாள் அவ்வளவு மிகையைச் சற்று நீண்டும் சற்று அமுங்கியும் தனக்குள் வாங்கிக்கொள்ளும். விட்டத்தை 50 மி.மீ. ஆக்கினால் மிகையும் இரட்டித்து மூன்று மில்லிமீட்டர் ஆகும் என்றுதான் தோன்றும்; உண்மையில் அது பதினொரு மில்லிமீட்டரைத் தாண்டிவிடுகிறது. விளிம்பில் மடிப்புகள் எழும், மடிப்புக்குள் காற்றும் ஈரமும் புகும், பெட்டியில் பக்கத்துப் பழம் உரசும்போது ஸ்டிக்கர் கழன்று விழும். பழ ஸ்டிக்கர்கள் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியவையாக நின்றுவிட்டதற்கு இதுதான் காரணம், கஞ்சத்தனம் அல்ல.

இப்போது சதுரத்துக்கு வருவோம். 25 மி.மீ. பக்கமுள்ள சதுரத்தில் பக்கத்தின் நடுப்புள்ளி மையத்திலிருந்து 12.5 மி.மீ. தொலைவில் இருக்கிறது, மூலையோ 17.7 மி.மீ. தொலைவில் இருக்கிறது. அதாவது, தோல் அதிகமாக வளைந்து விலகும் இடத்தில்தான் சதுரம் தன் கூர்முனையை நீட்டுகிறது. அந்த முனையைப் பிடித்து வைத்திருக்கும் பசையின் பரப்போ மிகக் குறைவு. இரண்டு பக்கமும் திறந்து கிடப்பதால் எளிதில் கிளம்பிவிடுகிறது. செவ்வக ஸ்டிக்கர் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள்கூட மூலைகளை உருட்டிவிடுவது இதனால்தான். வட்டத்துக்கு விளிம்பெங்கும் ஒரே நிலை. எந்த இடமும் மற்றோர் இடத்தைவிட முன்னதாகக் கிளம்ப வேண்டிய கட்டாயம் இல்லை.

பழங்களைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கும் கூடங்களில் ஸ்டிக்கர் ஒட்டும் இயந்திரத்தைப் பார்த்தால் மீதியும் விளங்கிவிடும். கன்வேயரின் கிண்ணங்களில் பழங்கள் வரிசையாக ஓடி வருகின்றன. அவற்றுக்கு மேலே சுழலும் உருளை ஒன்றில், மடிப்பு மடிப்பாக அமைந்த ரப்பர்க் குழல்கள் பொருத்தப்பட்டிருக்கின்றன. குழலின் நுனி, சுருளிலிருந்து வரும் நாடாவில் உள்ள ஸ்டிக்கரைக் காற்றை உறிஞ்சிக் கவ்வுகிறது. பழம் கீழே வந்ததும் குழலுக்குள் காற்று பாய, மடிப்புகள் விரிந்து நுனி நீண்டு, ஸ்டிக்கரைத் தோலில் அழுத்திவிட்டுத் திரும்புகிறது. நுனி மென்மையாக இருப்பதால் பழம் கன்றுவதில்லை. பழம் பெரியதானாலும் சிறியதானாலும் குழல் தேவைக்கேற்ப நீள்கிறது. அந்த நுனி வட்டமானது. நுனிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் எந்த மூலையும் அழுத்தம் பெறாமலே பழத்தோடு போய்விடும். பழம் எந்தப் பக்கம் திரும்பிக் கிடக்கும் என்று இயந்திரத்துக்குத் தெரியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாய்வாக ஒட்டப்பட்ட சதுரம் கோணலாகத் தெரியும். வட்டத்தில் அந்தக் கோணல் கண்ணில் படுவதே இல்லை.

நீள்வட்டம் ஒரு சமரசம். பெயர் நீளமாக இருந்தால் அதை ஒரே வரியில் எழுத அகலம் வேண்டும். உயரத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டினால் மொத்த மிகை கட்டுக்குள் இருக்கும். வாழைப்பழம் போல ஒரு திசையில் நீண்டும் மறு திசையில் நன்கு வளைந்தும் இருக்கும் பழத்துக்கு, நெடுக்குவாட்டில் ஒட்டிய நீள்வட்டம் இயல்பாகப் பொருந்திவிடுகிறது.

கேள்வி: வாழைப்பழ ஸ்டிக்கர்களில் நீல நிறம் அடிக்கடி வருகிறதே, ஏன்? பழத்தில் ஸ்டிக்கர் ஒட்டும் பழக்கத்தைத் தொடங்கியவர்கள் யார்?

பதில்: உண்ணும் பழங்களின் தோலில் தூய நீலம் மிக அரிது. ஆகவே, மஞ்சள் தோலின் மீது நீல ஸ்டிக்கரை வைத்தால், அது பழத்தின் பகுதி அல்ல என்பதைக் கண் உடனே பிரித்தறிந்துவிடுகிறது. மஞ்சளும் நீலமும் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும் நிறங்கள் என்பதும் வசதியாகப் போயிற்று.

ஃபைஃப்ஸ் நிறுவனம் 1929 முதல் தன் வாழைப்பழங்களில் நீல ஸ்டிக்கரை ஒட்டிவருகிறது. பழத்தின் மேலேயே ஒட்டப்பட்ட வணிகச் சின்னங்களில் அதை முன்னோடி என்று சொல்லலாம். சிகீட்டா நிறுவனத்தின் நீல ஸ்டிக்கர் 1963இல் வந்தது. அதில் உள்ள தொப்பியணிந்த பெண்ணின் உருவம் 1944இல் பிறந்தபோது பெண்ணே அல்ல. பாவாடை கட்டிய வாழைப்பழம். டிக் பிரவுன் என்ற கேலிச்சித்திரக்காரர் வரைந்தது அது. 1987இல்தான் ஆஸ்கார் கிரில்லோ அதை மனிதப் பெண்ணாக மாற்றி வரைந்தார். அந்த உருவத்தைக் கூர்ந்து பார்த்தால், தலைமேல் உள்ள பழக்குவியல், விரித்த கைகள் ஆகியவற்றின் வெளிக்கோடு மட்டுமே மனத்தில் நிற்பதை உணர்வீர்கள். முகத்தின் நுணுக்கங்கள் அந்த அளவில் பெரிதாக எடுபடுவதில்லை. தொலைவிலிருந்து பார்க்கும்போதும் வெளிக்கோடு சிதையாமல் நிற்பதே நல்ல ஸ்டிக்கருக்கு அடையாளம் என்பேன்.

இதற்கு முன்பு வேறு வழிகள் இருந்தன. கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு விளைவிப்போர் 1880களிலிருந்து மரப்பெட்டிகளின் முகப்பில் பெரிய வண்ணத் தாள்களை ஒட்டினார்கள். மலை, தோப்பு, சூரியோதயம், குதிரை என்று ஒவ்வொன்றும் ஒரு முழு ஓவியம். ஏறத்தாழப் பத்து அங்குல உயரம். 1950களில் அட்டைப்பெட்டி வந்ததும் அந்தக் கலை முடிவுக்கு வந்தது. சன்கிஸ்ட் கூட்டுறவு அமைப்பு, தன் பெயர் அச்சிட்ட மெல்லிய தாளில் ஒவ்வொரு பழத்தையும் சுற்றி அனுப்பியது. 1909இல், பன்னிரண்டு தாள்களைச் சேர்த்து அனுப்புவோருக்கு ஒரு கரண்டி தருவதாகவும் அறிவித்தது. வணிகர்கள் தாளைப் பிரித்துவிட்டு எந்தப் பழத்தையும் அந்தப் பெயரில் விற்க முடியும் என்பதால், பெயரைப் பழத்தின் தோலிலேயே பதிக்க வேண்டிய தேவை எழுந்தது. பத்து அங்குலத்தில் விரிந்திருந்த ஓவியம் ஓர் அங்குலத்துக்குள் ஒடுங்கியபோது, காட்சி போய்ச் சின்னம் மட்டும் மிஞ்சியது. இதை இழப்பு என்று சிலர் வருந்துகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பெட்டி ஓவியங்களில் பல, எந்தப் பழத்துக்கும் எடுத்து ஒட்டக்கூடியவையாகவே இருந்தன.

கேள்வி: ஸ்டிக்கரில் உள்ள எண் 4இல் தொடங்கினால் பூச்சிமருந்து தெளித்த பழம், 8 என்றால் மரபணு மாற்றியது, 9 என்றால் இயற்கை வேளாண்மை என்று கைப்பேசியில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது உண்மையா?

பதில்: மூன்றில் ஒன்று உண்மை, மற்றவை திரிபு. அந்த எண்ணுக்குப் பி.எல்.யு. என்று பெயர். விலை தேடும் எண் என்பதுதான் அதன் பொருள். 1990 முதல் அங்காடிகளில் பயன்பட்டுவரும் இந்த முறையை இன்று பன்னாட்டு விளைபொருள் தர நிர்ணயக் கூட்டமைப்பு நிர்வகிக்கிறது. பில் போடுபவர், ஒன்றுபோலவே தோன்றும் இரண்டு ஆப்பிள் வகைகளைக் குழப்பிக்கொள்ளாமல் சரியான விலையைப் போட வேண்டும் என்பதே இதன் நோக்கம். வாங்குபவருக்குச் செய்தி சொல்வது அல்ல.

நான்கு இலக்க எண்கள் 3000க்கும் 4999க்கும் இடையில் அமைகின்றன. இலக்கங்களுக்குத் தனித்தனியே பொருள் கிடையாது. எண் முழுவதும் சேர்ந்துதான் ஒரு பண்டத்தைக் குறிக்கிறது. 4011 என்றால் சாதாரண மஞ்சள் வாழைப்பழம். பல ஆப்பிள் வகைகளில் அளவுக்கும் தனி எண் உண்டு: காலா ஆப்பிளில் சிறியதற்கு 4133, பெரியதற்கு 4135. எண் 3இல் தொடங்குவதோ 4இல் தொடங்குவதோ மருந்து தெளித்ததைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. விளைந்த நாட்டையும் இந்த எண் சொல்லாது. நாட்டின் பெயர் வேண்டுமானால் தனியாகத்தான் அச்சிட வேண்டும். முன்னால் 9 சேர்ந்து ஐந்து இலக்கமானால் இயற்கை வேளாண்மையில் விளைந்தது என்று பொருள். ஆகவே 94011 என்பது அவ்வகையில் விளைந்த வாழைப்பழம். எட்டைப் பொறுத்தவரை, மரபணு மாற்றிய விளைபொருளுக்கு என்று அதை ஒதுக்கி வைத்திருந்தார்களே தவிர, கடைகளில் அப்படிப்பட்ட ஸ்டிக்கர் வரவே இல்லை. பிற்பாடு அந்த ஒதுக்கீட்டையும் நீக்கி, எண்கள் தீர்ந்துவரும் நிலையில் புதிய வகைகளுக்கு எட்டில் தொடங்கும் ஐந்து இலக்க எண்களை வழங்க முடிவுசெய்தார்கள்.

வடிவமைப்பு நோக்கில் இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஸ்டிக்கரில் உண்மையான வேலை செய்வது அந்த நான்கு இலக்கங்கள்தாம்; ஆனால் பல நிறுவனங்கள் சின்னத்தைப் பெரிதாக்கி, எண்ணை ஓரத்தில் நுணுக்கி வைத்துவிடுகின்றன. பில் போடுபவர் பழத்தைத் திருப்பித் திருப்பிக் கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: சில ஸ்டிக்கர்களில் எண்ணோடு குட்டியான பார்கோடும் இருக்கிறதே?

பதில்: அது ஜி.எஸ்.1 டேட்டாபார் என்ற வகை. வழக்கமான பார்கோடு அந்த இடத்தில் அடங்காது என்பதால், கோடுகளை இரண்டு அடுக்காக்கி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருக்கிறார்கள். எந்தத் திசையிலிருந்து காட்டினாலும் ஸ்கேனர் படிக்கும். பி.எல்.யு. எண் பழவகையை மட்டும் சொல்லும். இதிலோ 14 இலக்கங்கள் அடங்குவதால் அனுப்பிய நிறுவனத்தையும் அடையாளம் காணலாம்.

வடிவமைப்பாளருக்கு இது பெரும் தொல்லை. கோடுகளைச் சுற்றி வெளிர்நிறப் பின்னணி கட்டாயம். சிவப்புக் கோடுகள் அழகாக இருக்குமே என்று ஆசைப்படவும் முடியாது; சிவப்பு ஒளியால் படிக்கும் ஸ்கேனருக்குச் சிவப்பும் வெள்ளையும் ஒன்றாகவே தெரியும், கோடு இருப்பதே புலப்படாது. கறுப்பு, கருநீலம், கரும்பச்சை ஆகியவையே கைகொடுக்கும்.

கேள்வி: பிங்க் லேடி ஆப்பிளில் இதய வடிவ ஸ்டிக்கர் வருகிறது. அது உரியாமல் நிற்கிறதே? உங்கள் விதியெல்லாம் அங்கே என்ன ஆயிற்று?

பதில்: விதி மீறப்படவில்லை, வளைக்கப்பட்டிருக்கிறது. இதயத்தின் மேற்புறம் இரண்டு வட்ட வளைவுகளே. கீழ்முனை ஒன்றுதான் கூர்மை. மேலே உள்ள பிளவு ஓர் ஓரத்தில் மிகையைக் குறைக்கவும் உதவுகிறது. அளவும் சிறியது. கிரிப்ஸ் பிங்க் என்பது ஆஸ்திரேலியாவில் உருவாக்கப்பட்ட ஓர் ஆப்பிள் வகை. அதில் குறித்த தரத்தை எட்டும் பழங்களை மட்டுமே பிங்க் லேடி என்ற வணிகப் பெயரில் விற்கிறார்கள். ஒரே வகைப் பழம் இரண்டு பெயர்களில் வரும் சந்தையில், பெயரைப் படிக்காமலே வடிவத்தைக் கண்டு அடையாளம் காண முடிவது அவர்களுக்குப் பெரிய ஆதாயம். வட்டத்தைக் கைவிடுவதற்குப் போதுமான காரணம் உள்ள மிகச் சில இடங்களில் இது ஒன்று. நட்சத்திரமும் சூரியனும் வரைந்து அனுப்பும் இளம் வடிவமைப்பாளர்கள் அந்தக் காரணத்தை முதலில் தேடிக்கொள்வது நல்லது.

கேள்வி: தவறுதலாக ஸ்டிக்கரை விழுங்கிவிட்டேன். ஆபத்தா?

பதில்: கவலை வேண்டாம். பசையும் மையும் உணவுப் பொருளைத் தொடத் தகுந்தவையாக இருக்க வேண்டும் என்ற விதியின்படி தயாரிக்கப்படுகின்றன. விழுங்கிய தாள் செரிக்காமல் வெளியேறிவிடும். ஆனால், உண்ணத் தகுந்த ஸ்டிக்கர் என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். அது உண்பதற்காகச் செய்யப்பட்டது அல்ல; உரித்துவிட்டுப் பழத்தைக் கழுவி உண்பதே முறை.

கேள்வி: ஸ்டிக்கரை உரித்த இடத்தில் ஆப்பிள் வெளிறிப்போகுமா? ஜப்பானில் பழத்தின் மீது எழுத்துகள் தானாகத் தோன்றும் ஆப்பிள்கள் உண்டு என்று படித்தேன்.

பதில்: பறித்த பிறகு ஒட்டும் ஸ்டிக்கரால் அப்படி ஆவதில்லை, நிறம் அதற்கு முன்பே ஏறிவிட்டது. ஆனால் மரத்தில் இருக்கும்போதே ஒட்டினால் நிச்சயம் ஆகும். ஆப்பிளின் சிவப்புக்குக் காரணமான ஆந்தோசயனின் என்ற நிறமி உருவாக ஒளி தேவை. ஜப்பானின் அவோமோரி மாநிலத்தில் இதையே ஒரு கலையாக வளர்த்திருக்கிறார்கள். காய் சிறியதாக இருக்கும்போதே காகிதப் பையால் மூடி, வெயில் படாமல் வெளிறிய நிறத்தில் வளரவிடுகிறார்கள். இலையுதிர்காலத்தில் பையை அகற்றி, எழுத்தோ படமோ வெட்டிய ஸ்டிக்கரைத் தோலில் ஒட்டுகிறார்கள். வெயில் பட்ட இடமெல்லாம் சிவக்க, மூடிய இடம் மட்டும் இளமஞ்சளாக நிற்கிறது. பறித்த பின் ஸ்டிக்கரை உரித்தால், வாழ்த்துச் சொற்களும் மங்கலச் சின்னங்களும் தோலிலேயே பதிந்திருக்கும். இங்கே ஸ்டிக்கரின் பணி வேறு: ஒட்டியிருப்பது அல்ல, நீங்குவது. ஆகவே நிறமோ மையோ அதற்கு முக்கியமல்ல, வெட்டின் கூர்மை மட்டுமே முக்கியம். விளிம்பு சற்றுத் தூக்கினாலும் ஒளி புகுந்து எழுத்து மங்கிவிடும் என்பதால், வளைந்த தோலில் ஒட்டும் அந்தப் பழைய சிக்கல் இங்கும் விடாமல் துரத்துகிறது.

கேள்வி: உரம் தயாரிக்கும் குழியில் எல்லாம் மக்கிய பிறகும் ஸ்டிக்கர்கள் மட்டும் அப்படியே கிடக்கின்றன. இதற்கு மாற்று இல்லையா?

பதில்: சட்டங்கள் மாறத் தொடங்கியிருக்கின்றன. வீட்டு உரக்குழியில் மக்கக்கூடியதும், உயிர்மூலப் பொருளால் முழுமையாகவோ ஓரளவோ ஆனதுமான ஸ்டிக்கரைத் தவிர, வேறு எதையும் பழத்தில் நேரடியாக ஒட்டக்கூடாது என்று பிரான்ஸ் 2022 ஜனவரி 1 முதல் தடைவிதித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய பொதிவு விதிகளின்படி, 2028 பிப்ரவரி முதல் பழ ஸ்டிக்கர்கள் மக்கக்கூடியவையாக இருக்க வேண்டும். தாள் மட்டும் மக்கினால் போதாது, பசையும் மையும் மக்க வேண்டும் என்பதில்தான் சிரமம். பாலித்தீன் அளவுக்கு நீண்டு கொடுக்காத தாளாக இருந்தால், முதல் பதிலில் சொன்ன மிகையைத் தாங்கும் திறனும் குறையும். எனவே ஸ்டிக்கர் மேலும் சிறிதாக வேண்டியிருக்கும்.

ஸ்டிக்கரே இல்லாமல், லேசர் ஒளியால் தோலின் மேற்படலத்தில் உள்ள நிறமியை மட்டும் நீக்கி எழுதும் முறையும் உண்டு. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2012இல் எலுமிச்சைக் குடும்பப் பழங்களுக்கு இதை அனுமதித்தது. ஒரே நிறம், மெல்லிய கோடுகள், புள்ளிகள் ஆகியவற்றோடு நின்றுவிட வேண்டும் என்பதால் பளபளப்பை விரும்புவோருக்கு இது பிடிக்காது. எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் தடித்த தோலுள்ள பழங்களில்தான் இது நன்றாக எடுபடும்.

கேள்வி: பீச், கிவி ஆகியவற்றில் ஸ்டிக்கர் எப்படி ஒட்டுகிறது?

பதில்: சிரமப்பட்டுத்தான். பசை தோலைத் தொடுவதற்கு முன் மயிர்களைத்தான் தொடுகிறது. ஆகவே பசையைத் தடிமனாகப் பூசுகிறார்கள். அதையே மெல்லிய தோலுள்ள பழத்தில் ஒட்டினால், உரிக்கும்போது தோலும் சேர்ந்து வந்துவிடும். சில ஸ்டிக்கர்களில் ஓர் ஓரத்தில் பசை பூசாமல் விடுவது, நகத்தால் சுரண்டாமல் பிடித்து உரிப்பதற்காகவே.

கேள்வி: எங்கள் தோட்டத்து மாதுளைக்கு நானே ஒரு ஸ்டிக்கர் வரைந்திருக்கிறேன். 40 மி.மீ. சதுரம், பொன்னிறப் பளபளப்புப் பின்னணி, அதில் சிவப்பு எழுத்தில் தோட்டத்தின் பெயர், முகவரி, தொலைபேசி எண், நடுவில் பிளந்த மாதுளையின் படம். உங்கள் கருத்து?

பதில்: ஆர்வத்துக்குப் பாராட்டு; வரைந்ததில் பெரும்பகுதியை நீக்கச் சொல்லப்போகிறேன். மாதுளையின் தோல் ஆப்பிளைப் போல முழு உருண்டையல்ல. ஆங்காங்கே தட்டையான முகங்கள் உண்டு என்பதால் உங்களுக்குக் கொஞ்சம் சலுகை கிடைக்கும். அப்படியும் 40 மி.மீ. சதுரத்தின் மூலைகள் அந்த முகத்தைத் தாண்டி முகட்டில் ஏறிவிடும். 28 மி.மீ. அகலமும் 22 மி.மீ. உயரமும் உள்ள நீள்வட்டமாக மாற்றுங்கள். முகவரியும் தொலைபேசி எண்ணும் பெட்டிக்குப் போகட்டும். பழத்தின் மேல் அதே பழத்தின் படம் எதற்கு? வாங்குபவர் கையில் மாதுளையைத்தான் வைத்திருக்கிறார். பளபளப்பான பொன்னிறம் கடை விளக்கைத் திருப்பி அடித்து எழுத்தை விழுங்கிவிடும். சிவந்த தோலின் மீது சிவப்பு எழுத்தும் எடுபடாது. வெள்ளை அல்லது இளமஞ்சள் பின்னணி, கரும்பச்சை எழுத்து, விளிம்பில் மெல்லிய வெள்ளை வளையம் போதும். அந்த வளையம் அலங்காரம் அல்ல. பழத்துக்குப் பழம் மாறும் தோல் நிறத்திலிருந்து உங்கள் நிறத்தைப் பிரித்து நிறுத்துவது அதுதான்.

தோட்டத்தின் பெயரைத் தமிழில் எழுதியிருப்பது மகிழ்ச்சி. ஆனால் நீங்கள் தேர்ந்த எழுத்துரு தடித்தது. இந்த அளவில் அச்சிட்டால் ண, ஞ, ஜ போன்ற எழுத்துகளின் சுழிகளுக்குள் மை நிரம்பிக் கறுப்புப் பொட்டுகளாகிவிடும். கோடு மெலிந்து, சுழி அகன்ற எழுத்துருவை எடுத்துக்கொள்ளுங்கள். அச்சகத்துக்குக் கொடுப்பதற்கு முன் உண்மையான அளவிலேயே சில ஸ்டிக்கர்களை எடுத்துப் பழங்களில் ஒட்டி, ஓர் இரவு குளிர்பதனப் பெட்டியில் வைத்து, காலையில் வெளியே எடுங்கள். தோலில் நீர் முத்துமுத்தாக அரும்பும்போது விளிம்பு கிளம்புகிறதா என்று பாருங்கள்; கிளம்பினால் வடிவத்தைக் குறை சொல்வதற்கு முன், பசையை மாற்றித் தரும்படி அச்சகத்தாரிடம் கேளுங்கள்.